குளிர் நாட்டில் விதையிலிருந்து ஸ்வீட் கார்ன்: பிரிட்டன் தோட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் ஸ்வீட் கார்ன் வருமா? தாராளமாக வரும். ஐல் ஆஃப் வைட் தீவிலும் வெஸ்ட் சஸெக்ஸ் கடற்கரைப் பக்கத்திலும் வயல் வயலாகவே போடுகிறார்கள். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் பின்கட்டு இருந்தால் நீங்களும் ஆகஸ்ட், செப்டம்பரில் கதிர் ஒடிக்கலாம். ஆனால் பெரம்பலூரிலோ திண்டுக்கல்லிலோ ஈரம் கண்டதும் விதையை ஊன்றிப் பழகிய கை, அதே பழக்கத்தில் இங்கே ஏப்ரல் மாதம் விதையை மண்ணில் போட்டால், பாதிக்கு மேல் உள்ளேயே அழுகிவிடும். இங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை, சூட்டுக்குத்தான் பஞ்சம். இந்தப் பயிரில் நாம் எடுக்கும் எல்லா முடிவும், எந்த ரகம், எந்த வாரம், எந்த மூலை என்பதெல்லாம், அந்தச் சூட்டை எப்படிச் சேர்த்துக் கொடுப்பது என்பதில் வந்து நிற்கும்.

சூட்டுக் கணக்கு

மக்காச்சோளம் (ஸ்வீட் கார்ன் அதன் இனிப்பு வகை; கீழே சோளம் என்று சொல்வதும் இதைத்தான்) தென்மேற்கு மெக்சிகோவில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசிண்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து மனிதர்கள் உருவாக்கிய பயிர். வெப்ப நாட்டுப் புல் என்பதால் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது கிட்டத்தட்ட வளர்வதே இல்லை. இதை வைத்து விவசாயிகள் ஓர் எளிய கணக்குப் போடுவார்கள். ஒரு நாளின் அதிகபட்ச வெப்பத்தையும் குறைந்தபட்ச வெப்பத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அதில் 10 கழிக்க வேண்டும். 30க்கு மேல் போனால் 30 என்றும், 10க்குக் கீழே போனால் 10 என்றும் வைத்துக்கொள்ள வேண்டும். வருவதுதான் அன்றைக்குப் பயிருக்குக் கிடைத்த சூட்டு அலகு.

இங்கே ஜூன் மாதத்தில் பகலில் 20, இரவில் 10 என்று ஒரு நாள் இருந்தால் கிடைப்பது 5 அலகு. மே தொடக்கத்தில் பகல் 16, இரவு 6 என்றால் வெறும் 3. தமிழ்நாட்டில் பகல் 34, இரவு 24 இருக்கும் நாளில் 17 கிடைக்கும். அங்கே ஒரு நாளில் கிடைப்பதைச் சேர்க்க இங்கே மூன்று நாளுக்கு மேல் ஆகிறது. அதனால்தான் அமெரிக்க விதைப் பொட்டலத்தில் '65 நாள்' என்று போட்டிருக்கும் ரகம் இங்கே மூன்றரை மாதம் எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணை ரகங்களை ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 65 என்று போட்டது 80 என்று போட்டதைவிடச் சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

மே இறுதியில் உறைபனி ஓய்கிறது. அக்டோபரில் மறுபடியும் வந்துவிடும். நடுவில் இருக்கும் இந்தக் காலத்துக்குள் பயிரின் முழு ஆயுளும் அடங்க வேண்டும். குறையும் வாரங்களை வீட்டுக்குள் நாற்று வளர்த்து ஈடுகட்ட வேண்டுமே தவிர, குளிர்ந்த மண்ணில் முன்கூட்டியே விதைத்து ஈடுகட்ட முடியாது.

ரகம்: இனிப்பு கூடக்கூட விதைக்குப் பலம் குறையும்

விதைக் கடையில் நிற்கும்போது எல்லோர் கையும் 'சூப்பர் ஸ்வீட்' என்று எழுதிய பொட்டலத்துக்குத்தான் போகும். அதை எடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய ஸ்வீட் கார்ன் ரகங்களில், சர்க்கரை மாவுச்சத்தாக மாறுவதை ஒரு மரபணு ஓரளவு தடுக்கிறது. பறித்த பிறகும் அந்த மாற்றம் நடந்துகொண்டே இருப்பதால் இனிப்பு வேகமாகக் குறையும். 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாஃப்னன் வேறொரு மரபணுவைக் கவனித்தார். 'ஷ்ரங்கன்-2' என்று பெயர். அதைக் கொண்ட மணிகள் பழைய ரகங்களைவிடப் பல மடங்கு இனிப்பாக இருந்தன. பறித்த பிறகும் இனிப்பு நின்றது. சூப்பர் ஸ்வீட் ரகங்கள் பிறந்தது அங்கிருந்துதான்.

மாவுச்சத்துக்குப் போக வேண்டியது சர்க்கரையாகவே நின்றுவிடுவதால், காய்ந்த விதை ஒட்டி உலர்ந்து சுருங்கிவிடுகிறது. முளை வெளியே வந்து இலை விடும்வரை சாப்பிட அதற்குக் கையிருப்பு குறைவு. சூடான மண்ணில் நாலைந்து நாளில் வெளியே வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. குளிர்ந்த ஈர மண்ணில் இரண்டு வாரம் கிடந்தால் கையிருப்பு தீர்ந்து, பூஞ்சை முந்திக்கொள்ளும்.

குளிர் பகுதிக்கு நான் சிபாரிசு செய்வது முதலில் ஸ்விஃப்ட், லார்க் போன்ற சீக்கிர எஃப்1 (இரண்டு வரிசைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை) ரகங்கள். இவை மெல்லிய தோலும் நல்ல இனிப்பும் உள்ள 'எக்ஸ்ட்ரா டெண்டர்' வகை. பிரிட்டனின் கோடைக்குப் பழகியவை. சன்டான்ஸும் மந்தமான கோடையைத் தாங்கும். விதையைச் சேமித்து அடுத்த ஆண்டும் போட விரும்புகிறவர்களுக்கு கோல்டன் பேண்டம் இருக்கிறது. 1902ல் பர்ப்பி விதை நிறுவனம் வெளியிட்ட ரகம். எஃப்1 இல்லை, அதனால் விதை எடுக்கலாம். இனிப்பு சற்று மிதமானது, ஆனால் சோளத்துக்கே உரிய வாசம் அதில் தூக்கலாக இருக்கும். பறித்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும்.

ஒரு தோட்டத்தில் ஒரே வகை போதும். சூப்பர் ஸ்வீட்டும் பழைய வகையும் பக்கத்தில் பக்கத்தில் பூத்தால் மகரந்தம் கலந்து இரண்டிலும் இனிப்புக் கெட்டு, மணிகள் மாவாகக் கடினப்பட்டுவிடும். மற்ற காய்கறிகளில் கலப்பு அடுத்த தலைமுறையில்தான் தெரியும். சோளத்தில் நாம் சாப்பிடுவதே விதை என்பதால் அந்தக் கதிரிலேயே தெரிந்துவிடும். அலாட்மென்டில் (துண்டு துண்டாக வாடகைக்கு விடும் பொதுத் தோட்ட நிலத்தில்) தோட்டம் வைத்திருப்பவர்கள் ஏப்ரலிலேயே பக்கத்துக்காரரிடம் என்ன ரகம் போடுகிறார் என்று கேட்டுவிடுங்கள். வகை வேறாக இருந்தால், பூக்கும் நேரம் ஒன்றாக வராதபடி இரண்டு மூன்று வாரம் தள்ளி விதைக்கலாம். இந்தக் குட்டிக் கோடையில் அது கஷ்டம். ஒரே வகைக்குப் பேசி முடிப்பதே சுலபம்.

விதை புதியதாக இருக்கட்டும். பழைய வகை விதை ஓரிரு ஆண்டு தாங்கும். சூப்பர் ஸ்வீட் விதையை அந்த ஆண்டே தீர்த்துவிடுங்கள்.

இடமும் மண்ணும்

முழு வெயில், காற்றுக்கு ஓரளவு மறைவு. தெற்கு நோக்கிய சரிவோ, தெற்குப் பார்த்த சுவருக்கு முன்னாலுள்ள இடமோ கிடைத்தால் அதைச் சோளத்துக்குக் கொடுங்கள். ஆறடி வளரும் பயிர் என்பதால், அதன் நிழல் மற்ற பாத்திகளில் விழாதபடி தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருந்தால் நல்லது.

சோளம் தழைச்சத்தை (நைட்ரஜனை) நிறையவே கேட்கும். முந்தைய இலையுதிர் காலத்திலேயே சதுர மீட்டருக்கு ஒரு வாளி மட்கிய தொழுவுரமோ கம்போஸ்டோ போட்டுக் கிளறி விடுங்கள். நடவுக்கு ஒரு வாரம் முன்பு கோழி எருக் குருணையோ, 7-7-7 க்ரோமோர் உரமோ சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி தூவலாம். களிமண் நிலம் வசந்தத்தில் மெதுவாகத்தான் சூடேறும். அப்படிப்பட்ட இடத்தில் பாத்தியைச் சற்று உயர்த்திவிட்டு, ஏப்ரல் இறுதியிலிருந்தே கறுப்பு பாலித்தீன் விரித்து ஓரங்களில் மண் போட்டு அமுக்கி வையுங்கள். நடும்போது அதை எடுக்கக்கூட வேண்டாம். கத்தியால் சிலுவைக் கீறல் போட்டு அதற்குள்ளேயே நடலாம். களையும் வராது, ஈரமும் நிற்கும்.

பத்து பவுண்டுக்குள் கிடைக்கும் மண் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு, ஐந்து முதல் பத்து செ.மீ. ஆழத்தில் பார்க்க வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து 12 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் நாற்று நடலாம். நேரடியாக விதைக்க 15 இருந்தால் நிம்மதி. இரண்டு நாள் வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம். காற்று சூடேறிய பிறகும் மண் பின்தங்கியே இருக்கும்.

எந்த வாரம்?

நடும் தேதியை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உங்கள் பகுதியில் கடைசி உறைபனி எப்போது என்பதுதான் நடும் தேதி. தென் இங்கிலாந்தில் மே நடுப்பகுதி தாண்டினால் பெரும்பாலும் பயமில்லை. வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் ஜூன் முதல் வாரம்வரை பொறுக்க வேண்டும். பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் குளிர்ந்த காற்று இறங்கித் தங்கும், அங்கே இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நாற்று தயாராக நான்கு வாரம், அதிகம் போனால் ஐந்து. ஆக, தெற்கில் ஏப்ரல் கடைசி வாரம், வடக்கில் மே முதல் பத்து நாள். மார்ச்சில் தக்காளி, மிளகாய் விதைக்கும்போது சோளத்தையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். தக்காளி நாற்று தொட்டியில் இரண்டு மாதம் காத்திருக்கும், சோளம் காத்திருக்காது. வேர் சுற்றிக்கொண்ட சோள நாற்றுக்கு வளர்ச்சி தடைபட்டு, முழங்கால் உயரத்திலேயே குஞ்சம் (உச்சியில் வரும் ஆண் பூ) தள்ளிவிடும். இளசாக நட்ட நாற்று அதை எளிதாக முந்திச் செல்லும்.

முளைகட்டி விதைத்தல்

விதையை நேராகத் தொட்டியில் போடலாம். ஆனால் முளைகட்டிப் போடுவதே என் விருப்பம். பயறு முளைகட்டத் தெரிந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. முளைக்காத விதை எது என்று முதலிலேயே தெரிந்துவிடுவதால் ஒவ்வொரு தொட்டியிலும் நாற்று உறுதி.

சமையலறைக் காகிதத்தை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விரியுங்கள். விதைகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மேலே இன்னொரு ஈரக் காகிதம் போட்டு மூடுங்கள். தண்ணீர் இருக்க வேண்டியது 'ஈரம்' அளவுக்குத்தான், தேங்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீராக இருக்கட்டும். உலர்ந்த விதை முதன்முதலில் நீரை உறிஞ்சும் அந்த ஓரிரு நாளில் குளிர் பட்டால் உள்ளே திசுக்கள் சேதமாகி, பிறகு எவ்வளவு சூடு கொடுத்தாலும் முளை சோனியாகவே வரும். டப்பாவை 21 முதல் 25 டிகிரி உள்ள இடத்தில் வையுங்கள். வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி, சூடேற்றும் நாற்றுப் பெட்டி, இரண்டும் சரி. தினம் ஒரு தடவை திறந்து பார்த்துக் காற்றாட விடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும். வேர் ஒரு செ.மீ. நீளும் முன்பே எடுத்து நட்டுவிட வேண்டும்; நீண்டுவிட்டால் ஒடியும்.

சில பொட்டலங்களில் விதை இளஞ்சிவப்பாகவோ வேறு நிறத்திலோ இருக்கும். அது மருந்து பூசிய விதை. கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள், மீந்ததைச் சமையலறையில் வைக்காதீர்கள்.

தொட்டி ஆழமாக இருக்க வேண்டும். சோளத்துக்கு வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காது என்பதால் தட்டில் தூவி, பிறகு பிரித்து நடும் வேலை வேண்டாம். 9 செ.மீ. தொட்டி, புத்தகம்போல் திறக்கும் ரூட்ட்ரெய்னர், கழிவறைக் காகிதத்தின் அட்டைக் குழல் எதுவும் ஆகும். அட்டைக் குழலை ஒரு தட்டில் நெருக்கமாக நிறுத்தி மண்கலவை நிரப்புங்கள். நடும்போது குழலோடேயே குழியில் இறக்கலாம். ஆனால் குழலின் மேல் விளிம்பு மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டியிருந்தால் அது ஈரத்தைக் காற்றுக்கு உறிஞ்சிவிடும்.

பீட் கலக்காத பல்நோக்கு மண்கலவையே போதும். வேர் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி 2.5 செ.மீ. ஆழத்தில் ஒரு தொட்டிக்கு ஒரு விதை வைத்து, ஒரு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். பச்சை முனை வெளியே தெரியும்வரை மறுபடி ஊற்றத் தேவையிருக்காது. இந்தக் கட்டத்தில் விதையைக் கெடுப்பது பெரும்பாலும் அதிக தண்ணீர்தான்.

முளை தெரிந்ததும் உடனே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். கண்ணாடி வீடு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் வீட்டிலேயே வெயில் அதிகம் விழும் ஜன்னலில். ஜன்னலில் வைத்தால் நாற்று வெளிச்சத்தை நோக்கிச் சாயும், தினம் திருப்பி வையுங்கள். இரவில் 12 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணாடி வீட்டில் எலி வரும் என்றால் தொட்டிகளை மேலே தொங்கும் பலகையில் வையுங்கள். முளைவிட்ட சோளத்தை எலி ஓர் இரவில் வரிசையாகத் தோண்டிவிடும்.

வெளிக்காற்றுக்குப் பழக்குதல்

நடுவதற்குப் பத்து நாள் முன்பிருந்து நாற்றைப் பகலில் வெளியே, காற்று நேராக வீசாத இடத்தில் வைத்து, மாலையில் உள்ளே எடுங்கள். முதல் இரண்டு நாள் நிழல், பிறகு வெயில். கடைசி மூன்று நான்கு இரவுகள், 8 டிகிரிக்கு மேல் இருந்தால், வெளியிலேயே விடலாம். இந்த வேலை சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் விட்டுவிடாதீர்கள். ஜன்னலில் வளர்ந்த மெல்லிய இலை நேராகக் காற்றுக்குப் போனால் வெளுத்துச் சுருண்டு, பத்து நாளுக்கு மேல் அப்படியே நின்றுவிடும்.

நடவு: நீள வரிசையில் அல்ல, கட்டமாக

சோளத்தில் மகரந்தத்தைத் தூக்கிச் செல்வது காற்று. தேனீயோ வண்டோ இதற்குத் தேவையில்லை. உச்சியில் இருக்கும் ஆண் குஞ்சத்திலிருந்து மகரந்தம் உதிர்ந்து, நடுத்தண்டில் இருக்கும் கதிரின் பட்டு இழைகள்மேல் விழ வேண்டும். நீளமாக ஒரே வரிசையில் நட்டால், குறுக்கே அடிக்கும் காற்று மகரந்தம் முழுவதையும் பக்கத்து வேலிக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். கட்டமாக நட்டால் எந்தத் திசையில் அடித்தாலும் ஒரு செடியின் மகரந்தம் இன்னொன்றின்மேல் விழும்.

குறைந்தது நான்குக்கு நான்கு, பதினாறு செடி. இடைவெளி இரண்டு பக்கமும் 40 முதல் 45 செ.மீ. ஏறக்குறைய இரண்டு மீட்டர் சதுரத்தில் அடங்கிவிடும். ஒரு செடிக்கு ஒரு நல்ல கதிர் நிச்சயம், நல்ல கோடையில் இரண்டு. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நெருக்கி நட்டால் கதிர் சிறுத்துவிடும்.

நாற்று 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், மூன்று நான்கு இலையோடு இருக்கும்போது நடுங்கள். முந்தைய மாலையில் தொட்டிக்கு நீர் ஊற்றி வையுங்கள். தொட்டியில் இருந்ததைவிட ஓரிரு செ.மீ. ஆழமாக இறக்கலாம், தண்டின் அடிக்கணுவிலிருந்து வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளும். மண்ணை அமுக்கி, செடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, உடனே மேலே ஃப்ளீஸ் (செடிகளைப் போர்த்தும் மெல்லிய தோட்டத் துணி) துணியைத் தளர்வாகப் போர்த்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அது அப்படியே இருக்கட்டும். குளிரோடு காக்கையையும் புறாவையும் சேர்த்துத் தடுக்கும்.

நட்ட பிறகு எதிர்பாராமல் உறைபனி அடித்து இலையெல்லாம் கருகினாலும் செடியைப் பிடுங்காதீர்கள். ஐந்தாறு இலை விடும்வரை சோளத்தின் குருத்து மண்ணுக்குக் கீழேதான் இருக்கும். ஒரு வாரம் பொறுத்தால் பெரும்பாலும் நடுவிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். எதற்கும் மூன்று நான்கு நாற்றைத் தொட்டியில் கையிருப்பாக வைத்திருங்கள்.

மெக்சிகோவிலும் வட அமெரிக்கப் பழங்குடிகளிடமும் சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒன்றாக நடும் முறை உண்டு. இங்கே பூசணியை அடியில் படர விடுவது நன்றாக வேலை செய்கிறது. அவரையை ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தச் சூட்டில் சோளம் மெதுவாக வளர்கிறது. அவரை அதற்குள் உச்சிக்குப் போய்ச் செடியையே கீழே இழுத்துவிடும்.

நேரடியாக விதைக்க விரும்பினால்

லண்டன், தென்கிழக்கு, தென்கரை ஆகிய இடங்களில் மட்டும். மே நடுவில், இரண்டு வாரம் பாலித்தீன் போட்டுச் சூடேற்றிய மண்ணில், ஒரு குழிக்கு மூன்று விதை, 3 செ.மீ. ஆழம். மேலே க்ளோஷ் (செடியை மூடும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கவிப்பு) அல்லது பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில். முளைத்ததும் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்; பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். சூப்பர் ஸ்வீட் விதையை இப்படிப் போட வேண்டாம்.

ஜூனும் ஜூலையும்

முதல் மூன்று வாரம் செடி ஒன்றுமே செய்யாதது போல நிற்கும். இலை வெளிர் மஞ்சளாக, சில சமயம் ஓரங்களில் ஊதாவாகவும் மாறும். மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தாலும் குளிரில் வேரால் அதை எடுக்க முடியாததால் வரும் நிறம் அது. உரத்தைக் கொட்ட வேண்டாம். மண் சூடானதும் தானே பச்சையாகும்.

ஜூன் கடைசியில் வேகம் பிடிக்கும். முழங்கால் உயரம் வந்ததும் மேலுரமாகக் கோழி எருக் குருணையை ஒரு கைப்பிடி தூவி, நீர் பாய்ச்சி, மண் அணையுங்கள். தண்டின் அடியிலிருந்து விரல்கள் போல வெளிவரும் முட்டு வேர்கள் அந்த மண்ணில் இறங்கினால் ஆகஸ்ட் காற்றில் செடி சாயாது. களையைக் கையால் எடுங்கள், அல்லது மேலாகச் சுரண்டுங்கள். வேர் மேல்மட்டத்தில்தான் ஓடுகிறது, ஆழமாகக் கொத்தினால் அறுபடும். அடியில் பக்கத் தூர் வெடித்தால் விட்டுவிடுங்கள். அதை ஒடிப்பதால் கதிர் பெரிதாகாது; அந்த இலைகளும் செடிக்கு உணவு தயாரிக்கின்றன.

தண்ணீர்: வளரும் காலத்தில் மழையே பெரும்பாலும் போதும். ஆனால் குஞ்சம் தெரிந்ததிலிருந்து கதிர் பருக்கும்வரை வாடவே விடக் கூடாது. மழையில்லாத வாரத்தில் சதுர மீட்டருக்கு 20 லிட்டர், ஒரே தடவையில் ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள்.

பூக்கும் அந்தப் பத்து நாள்

உச்சியில் குஞ்சம் விரிந்து சில நாளில், தண்டின் நடுவில் கதிர் முனையிலிருந்து பட்டு இழைகள் வெளியே வரும். ஓர் இழைக்கு ஒரு மணி. எந்த இழையில் மகரந்தம் விழவில்லையோ அந்த மணி உருவாகாது. கதிரை உரித்ததும் நடுநடுவே பல் விழுந்தது போல இடைவெளி இருந்தால் அதற்கு உரக் குறைவு காரணமில்லை, மகரந்தம் போய்ச் சேரவில்லை. அடி மணிகளின் இழைகள் முதலில் வெளிவரும், நுனி மணிகளுடையது கடைசியில். குஞ்சம் அதற்குள் தீர்ந்துவிட்டால் நுனி மொட்டையாக நிற்கும்.

இந்த நேரத்தில் தினமும் தோட்டத்துக்குப் போங்கள். காலைப் பனி உலர்ந்த பிறகு, காற்றில்லாத நாளாகப் பார்த்து, தண்டைப் பிடித்து மெதுவாக உலுக்கினால் மஞ்சள் தூள் உதிர்ந்து கீழே உள்ள இழைகள்மேல் விழுவது கண்ணுக்கே தெரியும். செடி பதினாறுக்கும் குறைவு என்றாலோ, பாலித்தீன் கூடாரத்துக்குள் வளர்க்கிறீர்கள் என்றாலோ, இது போதாது. குஞ்சத்தின் ஒரு கிளையை ஒடித்து, ஒவ்வொரு கதிரின் இழைகள்மேலும் தடவுங்கள். ஒரு வாரத்தில் மூன்று நான்கு தடவை செய்யலாம். ஸ்காட்லாந்தில் கூடாரத்துக்குள் வளர்ப்பவர்களுக்கு, உள்ளே காற்று இல்லாததால், இது கட்டாய வேலை.

மகரந்தம் சேர்ந்த இழை வாடத் தொடங்கும். சேராத இழை இன்னும் வேண்டும் என்று நீண்டுகொண்டே போகும். ஒரு கதிரில் மட்டும் இழை ஒரு சாணுக்கு மேல் தொங்கினால் அதற்கு இன்னும் ஒருமுறை தடவிவிடுங்கள்.

நம்மோடு போட்டிக்கு வருபவை

சின்ன நாற்றை ஓடில்லாத நத்தைகள் தின்னும். மாலையில் டார்ச் அடித்துப் பொறுக்குவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஃப்ரிட் ஈயின் புழு இளங்குருத்தைக் குடைந்தால் இலை முறுக்கிக்கொண்டு கிழிந்து வரும். ஐந்தாறு இலை வந்த செடியை அது பெரிதாகப் பாதிக்காது, ஆகவே வீட்டுக்குள் நாற்று வளர்ப்பதே அதற்கும் காப்பு. வெப்பமும் வறட்சியும் சேர்ந்த கோடைகளில் கரிப்பூட்டை நோய் வரலாம். மணிகள் சாம்பல் நிறக் கட்டிகளாக வீங்கும். மெக்சிகோவில் இளம் கட்டிகளை விரும்பிச் சமைக்கிறார்கள். இங்கே, கட்டி வெடித்துக் கரித்தூள் பறக்கும் முன் செடியை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் சில ஆண்டுகள் சோளம் போடாமல் இருப்பது பாதுகாப்பு.

உண்மையான எதிரி பேட்ஜர், வளை தோண்டி வாழும் இரவு விலங்கு. கதிர் முற்றும் இரவு எது என்று அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரே இரவில் பாத்தி முழுவதையும் சாய்த்துவிடும். 1992ஆம் ஆண்டு பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் துன்புறுத்துவதோ அதன் வளையைக் குலைப்பதோ குற்றம். செய்யக்கூடியது வேலி மட்டும்தான். தரையையொட்டித் தாழ்வாக இரண்டு மூன்று கம்பி ஓடும் மின்வேலிக்கு அது அடங்கும். சாதாரண வலையின் அடியில் தோண்டிக்கொண்டு வந்துவிடும். அணிலுக்கும் காக்கைக்கும், பட்டு இழை பழுப்பானதும் கதிருக்கு ஒரு துணிப்பையையோ பழைய காலுறையையோ மாட்டிவிடலாம்.

பால் பிடித்ததா என்று பார்ப்பது

இழை வெளிவந்து மூன்று வாரம் ஆனதிலிருந்து சோதித்துப் பாருங்கள். குளிர்ந்த கோடையில் நான்கு வாரம்வரை போகும். இழை கரும்பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும், ஆனால் கதிரைச் சுற்றிய தோகை பச்சையாகவே இருக்க வேண்டும். கதிரைக் கையால் பிடித்தால் நுனிவரை திரண்டிருக்கும். அப்புறம் நுனித் தோகையைச் சற்று விலக்கி, ஒரு மணியை நகத்தால் குத்துங்கள். தண்ணீராகத் தெளிந்து வந்தால் பொறுங்கள், தோகையை மூடிவிட்டு மூன்று நாள் கழித்து வாருங்கள். பால் போல வந்தால் அதுதான் பதம். மாவாகப் பிசுபிசுத்தால் முற்றிவிட்டது. அதைச் சூப்புக்கோ அடைக்கோ அரைத்துவிடலாம். பால் பதம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது, ஆகையால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்கள்.

கதிரைக் கீழ்நோக்கி வளைத்துத் திருகினால் ஒடிந்து வரும். பழைய வகையாக இருந்தால் அடுப்பில் தண்ணீர் கொதித்த பிறகு தோட்டத்துக்குப் போவது மிகையல்ல. சர்க்கரை மாவாக மாறுவது ஒடித்த கணத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. சூப்பர் ஸ்வீட், எக்ஸ்ட்ரா டெண்டர் வகைகள் குளிர்பெட்டியில் தோகையோடு சில நாள் தாங்கும். வேகவைக்க நான்கைந்து நிமிடம் போதும்.

எல்லாம் ஒரே சமயத்தில் பதத்துக்கு வந்துவிட்டால், கதிரை மூன்று நான்கு நிமிடம் கொதிநீரில் போட்டு, உடனே பனிக்கட்டித் தண்ணீரில் ஆற்றி, மணிகளைக் கத்தியால் சீவி உறைபெட்டியில் வையுங்கள். செப்டம்பர் இறுதியில் இன்னும் பால் பிடிக்காத கதிர்கள் இருந்து, உறைபனி அறிவிப்பும் வந்துவிட்டால், அன்றைக்கே ஒடித்துவிடுங்கள். குளிரில் அவை இனி முற்றப் போவதில்லை. இளசாக இருப்பதை பேபி கார்ன் மாதிரி முழுசாக வதக்கலாம்.

கோல்டன் பேண்டமில் விதை எடுக்க நினைத்தால், செடியிலேயே தோகை காயும்வரை சில கதிர்களை விட்டு, மழைக்காலம் தொடங்கும் முன் ஒடித்து, வீட்டுக்குள் தோகையை உரித்துக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரே செடியிலிருந்து எடுக்காமல் முடிந்த அளவு பல செடிகளின் மணிகளைக் கலந்து வைக்க வேண்டும். குறைந்த செடிகளிலிருந்தே ஆண்டாண்டாக எடுத்தால் பயிர் நலிந்துகொண்டே போகும். பத்துப் பதினாறு செடி மட்டும் வைப்பவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புது விதையும் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். எஃப்1 ரகத்தில் எடுத்த விதை தாயைப் போல வராது.

காலியான தட்டையை அப்படியே கம்போஸ்ட் குழியில் போட்டால் அடுத்த கோடையிலும் கட்டையாகவே கிடக்கும். மண்வெட்டியால் நசுக்கி, ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, புல்வெட்டோடு கலந்து போடுங்கள். பாத்தியில் அகன்ற அவரை (பிராட் பீன்) விதையை அக்டோபர் கடைசியில் ஊன்றலாம்; சோளம் இழுத்துக்கொண்ட தழைச்சத்தில் ஒரு பங்கை அதன் வேர் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும்.